பக்க அளவுகளை மட்டும் வைத்துச் செங்கோணத்தைக் கண்டறிவது எப்படி?

கேள்வி இதுதான். ஒரு முக்கோணத்தின் மூன்று பக்க நீளங்களைக் கொடுத்துவிட்டு, அது செங்கோண முக்கோணமா என்று கேட்கிறார்கள். கோணம் எதுவும் தரப்படவில்லை. பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தேற்றம் "ஒரு செங்கோண முக்கோணத்தில்" என்றுதானே தொடங்குகிறது? செங்கோணம் இருக்கிறதா என்றே தெரியாத முக்கோணத்தில் அதை எப்படிப் பயன்படுத்தலாம்? கேட்டவர் மூன்று எடுத்துக்காட்டுகளையும் தந்திருக்கிறார்: 8, 9, 12; √2, √3, √5; 65, 72, 97.

மிகச் சரியான சந்தேகம். வர்க்கப்படுத்து, கூட்டு, ஒப்பிடு என்று செய்முறையை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. எழுந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் செய்முறை. மூன்று நீளங்களில் மிகப் பெரியதைத் தனியே எடுத்து வையுங்கள். அதன் வர்க்கம் ஒருபுறம். மற்ற இரண்டு நீளங்களின் வர்க்கங்களைக் கூட்டி வருவது மறுபுறம். இரண்டும் சமம் என்றால் அது செங்கோண முக்கோணம். செங்கோணம் பெரிய பக்கத்துக்கு எதிரே இருக்கும், அந்தப் பெரிய பக்கமே கர்ணம். சமம் இல்லையென்றால் அது செங்கோண முக்கோணம் இல்லை.

இனி, இது ஏன் சரி என்ற கேள்விக்கு வருவோம். ஒரு கூற்று உண்மை என்பதால் அதைத் திருப்பிப் போட்டாலும் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. சதுரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சம நீளமுள்ளவை. இதைத் திருப்பி, மூலைவிட்டங்கள் சமமாக இருக்கும் நாற்கரம் எல்லாம் சதுரம்தான் என்று சொன்னால் தவறு. செவ்வகம் எதிரே வந்து நிற்கும். அப்படித்தான் பிதாகரஸ் தேற்றமும். "செங்கோணம் இருந்தால் வர்க்கங்கள் பொருந்தும்" என்பது ஒரு தேற்றம். "வர்க்கங்கள் பொருந்தினால் செங்கோணம் இருக்கும்" என்பது வேறொரு தேற்றம். முன்னதன் மறுதலை அது. அதற்குத் தனியாக நிரூபணம் வேண்டும்.

கி.மு. 300 வாக்கில் வாழ்ந்த யூக்ளிட் இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்திருந்தார். அவருடைய 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் 47-ஆவது கூற்று பிதாகரஸ் தேற்றம். 48-ஆவது கூற்று அதன் மறுதலை. அந்தப் புத்தகம் அத்தோடு முடிகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாமல், தனித்தனியே நிறுவிக் காட்டியிருக்கிறார்.

கணக்கில் நாம் சொல்லும் இரண்டு தீர்ப்புகளும் இந்த இரண்டு தேற்றங்களிலிருந்து தனித்தனியே வருகின்றன. வர்க்கங்கள் பொருந்தவில்லை, ஆகவே செங்கோணம் இல்லை என்று சொல்லும்போது பிதாகரஸ் தேற்றமே போதும்: செங்கோணம் இருந்திருந்தால் பொருந்தியிருக்கும், பொருந்தவில்லை, எனவே இல்லை. வர்க்கங்கள் பொருந்துகின்றன, ஆகவே செங்கோணம் உண்டு என்று சொல்லும்போதுதான் மறுதலை தேவைப்படுகிறது. தேர்வில் எழுதும்போது "பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலைப்படி" என்று குறிப்பிடச் சொல்வதன் காரணம் இதுதான்.

மறுதலையின் நிரூபணம் வியக்கும்படி எளிமையானது. பக்கங்கள் க, ச, ட என்று வைத்துக்கொள்வோம்; ட தான் பெரியது; க² + ச² = ட² என்பது நமக்குத் தெரியும். கோணம் தெரியாது. இப்போது அந்த முக்கோணத்தை விட்டுவிட்டுத் தனியாக ஒரு புதிய முக்கோணம் வரையுங்கள். ஒரு செங்கோணத்தை வரைந்து, அதன் ஒரு கரத்தில் க நீளமும் மற்றொரு கரத்தில் ச நீளமும் குறித்து, முனைகளை இணையுங்கள். இது செங்கோண முக்கோணம் என்பதில் ஐயமில்லை, ஏனென்றால் நாமே செங்கோணத்தை வைத்து வரைந்தோம். ஆகவே இதற்குப் பிதாகரஸ் தேற்றம் தாராளமாகப் பொருந்தும். இதன் கர்ணத்தின் வர்க்கம் க² + ச². அதுவோ ட²-க்குச் சமம். எனவே புதிய முக்கோணத்தின் கர்ணமும் ட தான். பழைய முக்கோணத்தின் பக்கங்கள் க, ச, ட. புதியதன் பக்கங்களும் க, ச, ட. மூன்று பக்கங்களும் சமமாக உள்ள இரு முக்கோணங்கள் சர்வசமம். புதியதில் ட-க்கு எதிரே 90°. ஆகவே பழையதிலும் ட-க்கு எதிரே 90°.

கேட்டவருடைய சந்தேகம் இங்கே தீர்கிறது. கோணம் தெரியாத முக்கோணத்தின் மீது நாம் பிதாகரஸ் தேற்றத்தைச் செலுத்தவே இல்லை. பக்கத்தில் நாமே கட்டிய செங்கோண முக்கோணத்தின் மீதுதான் செலுத்தினோம்.

சமம் இல்லாதபோதும் அந்தக் கணக்கு வீணாவதில்லை. க, ச நீளமுள்ள இரண்டு பக்கங்களையும் ஒரு கவராயத்தின் இரு கால்கள் போல நினைத்துக்கொள்ளுங்கள். காலை விரிக்க விரிக்க முனைகளுக்கு இடையிலான தூரம் கூடிக்கொண்டே போகும். மடக்க மடக்கக் குறையும். சரியாக 90°-இல் அந்தத் தூரத்தின் வர்க்கம் க² + ச². ஆகவே ட² அதைவிடச் சிறியதாக இருந்தால் கோணம் 90°-க்குக் குறைவு, பெரியதாக இருந்தால் 90°-க்கு மேல். 6, 8 என்ற இரண்டு பக்கங்களோடு மூன்றாவதாக 10 சேர்ந்தால் செங்கோணம். 9 சேர்ந்தால் 81 என்பது 100-ஐவிடக் குறைவு. பெரிய கோணமே ஏறத்தாழ 78.6° தான், எனவே குறுங்கோண முக்கோணம். 11 சேர்ந்தால் 121 என்பது 100-ஐ மீறுகிறது. கோணம் சுமார் 102.6°, விரிகோண முக்கோணம். கொசைன் விதி தெரிந்தவர்கள் இதே செய்தியை ட² = க² + ச² − 2கச × கொசைன் என்ற வடிவில் பார்த்திருப்பார்கள்; 90°-இல் கொசைன் பூஜ்யம் ஆகிவிடுவதால் கடைசி உறுப்பு மறைந்துவிடுகிறது.

பெரிய பக்கத்தைத்தான் தனியே எடுக்க வேண்டும் என்று சொன்னதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. பெரிய பக்கத்துக்கு எதிரேதான் பெரிய கோணம் இருக்கும். ஒரு முக்கோணத்தில் இரண்டு செங்கோணங்கள் இருக்க முடியாது. ஆகவே செங்கோணம் இருந்தால் அதுவே பெரிய கோணம். 4, 8, 5 என்று கொடுத்திருக்கும்போது, கடைசியில் இருக்கிறதே என்று 5-ஐ எடுத்து, 16 + 64 = 80 என்பது 25-ஐவிடப் பெரியது, எனவே குறுங்கோண முக்கோணம் என்று எழுதினால் முழுத் தவறு. பெரியது 8; அதன் வர்க்கம் 64; 16 + 25 = 41; ஆகவே இது விரிகோண முக்கோணம். கேள்வியில் எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் அதை நம்பாதீர்கள்.

இதோடு சேர்ந்து ஒரு சிறு எச்சரிக்கை. 3, 4, 9 போன்ற நீளங்களைக் கொண்டு முக்கோணமே அமைக்க முடியாது, ஏனென்றால் 3 + 4 என்பது 9-ஐ எட்டவில்லை. வர்க்கக் கணக்கு மட்டும் போட்டால் இது விரிகோண முக்கோணம் என்று பொய்யாகச் சொல்லிவிடும். செங்கோணத்துக்கு இந்தக் கவலை இல்லை. க² + ச² = ட² என்றால் (க + ச)² என்பது ட²-ஐவிட 2கச அளவு பெரியது; எனவே முக்கோணம் தானாகவே அமையும்.

இப்போது கேட்டவரின் முதல் எடுத்துக்காட்டு: 8, 9, 12. 64 + 81 = 145. 12² = 144. ஒன்றே ஒன்று குறைகிறது. இது செங்கோண முக்கோணம் இல்லை, குறுங்கோண முக்கோணம். பெரிய கோணம் ஏறத்தாழ 89.6°. தாளில் வரைந்து கோணமானி வைத்துப் பார்த்தால் யாராக இருந்தாலும் 90° என்றுதான் சொல்வார்கள். பென்சில் கோட்டின் தடிமனே அந்த வித்தியாசத்தை விழுங்கிவிடும். 4, 7, 8 என்பதும் இப்படிப்பட்டதே: 65-க்கு 64. வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யாதே என்று ஆசிரியர்கள் சொல்வது வெறும் ஒழுங்குக்காக இல்லை. முழு எண்களில் ஒன்று வித்தியாசம் என்றாலும் அது வித்தியாசம்தான். "கிட்டத்தட்ட செங்கோணம்" என்ற விடைக்குக் கணிதத்தில் இடமில்லை.

இரண்டாவது எடுத்துக்காட்டு √2, √3, √5. வர்க்கமூலம் கண்டதும் கணிப்பானைத் தேடிப் போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டு தசம இடங்களுக்குத் திருத்தினால் 1.41, 1.73, 2.24. வர்க்கங்கள் 1.9881, 2.9929; கூட்டினால் 4.981. ஆனால் 2.24² = 5.0176. பொருந்தவில்லை, ஆகவே செங்கோணம் இல்லை என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் வர்க்கங்கள் 2, 3, 5. 2 + 3 = 5. துல்லியமான செங்கோண முக்கோணம். நமக்குத் தேவைப்படுவது வர்க்கம்தான். வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தினால் மூலக்குறியே போய்விடுகிறது. பிறகு எதற்குத் தசமம்? மூலத்துக்கு முன்னால் ஓர் எண் இருந்தால் அதையும் சேர்த்து வர்க்கப்படுத்த வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்: 2, 2√3, 4 என்ற முக்கோணத்தில் (2√3)² என்பது 12, 6 இல்லை. 4 + 12 = 16, செங்கோணம்.

பின்னங்களும் தசமங்களும் வந்தால் எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கி முழு எண்களாக்கிக்கொள்ளுங்கள். 1.5, 2, 2.5 என்பதை இரண்டால் பெருக்கினால் 3, 4, 5. பெரிய எண்களாக இருந்தால் பொதுக் காரணியால் வகுத்துவிடுங்கள்: 39, 52, 65 மூன்றையும் 13-ஆல் வகுத்தால் அதே 3, 4, 5. வடிவொத்த முக்கோணங்களில் கோணங்கள் மாறுவதில்லை.

மூன்றாவது எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது: 65, 72, 97. 97², 72², 65² என்று மூன்றையும் பெருக்கிப் பார்க்கலாம். ஆனால் அழகான குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ட² − ச² என்பது (ட − ச)(ட + ச). 97 − 72 = 25. 97 + 72 = 169. இரண்டுமே முழு வர்க்கங்கள்: 5², 13². பெருக்கினால் 65². மூன்றாவது பக்கம் அதேதான். எதையும் பெரிதாகப் பெருக்காமலேயே முடிந்துவிட்டது. 20, 99, 101 என்று வந்தால் இன்னும் எளிது: 2 × 200 = 400 = 20².

இதே வழியில் மிகப் பழைய கணக்கு ஒன்றையும் சரிபார்க்கலாம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 'பிளிம்டன் 322' என்ற பாபிலோனியக் களிமண் பலகை இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1800-ஐச் சேர்ந்தது, பிதாகரஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. அதில் 15 வரிசைகளில், அறுபதின் அடிமானத்தில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முதல் வரிசையில் இருக்கும் இரண்டு எண்கள் நம் முறையில் 119, 169. ஒன்று சிறிய பக்கம், மற்றது கர்ணம். மூன்றாவது பக்கத்தை நாம் கண்டுபிடிக்க வேண்டும். 169 − 119 = 50; 169 + 119 = 288; பெருக்கினால் 14400; அதன் மூலம் 120. நான்காவது வரிசையில் 12709, 18541. கழித்தால் 5832, கூட்டினால் 31250, பெருக்கல் தொகை 18,22,50,000. மூலம் 13500, மிச்சமில்லாமல். தற்செயலாக வரைந்தோ அளந்தோ இப்படிப்பட்ட எண்களை யாரும் எட்டிவிட முடியாது. இந்தியாவில் பௌதாயனரின் சுல்ப சூத்திரமும் செவ்வகத்தின் மூலைவிட்டத்தைப் பற்றிய விதியைச் சொல்லி, அது தெளிவாகத் தெரியும் செவ்வகங்கள் என்று 3-4, 12-5, 15-8, 7-24, 12-35, 15-36 ஆகிய பக்கங்களைப் பட்டியலிடுகிறது. கடைசியில் உள்ள 15-36 என்பது 5-12-ஐ மூன்றால் பெருக்கியதுதான்.

தமிழில் போதையனார் பெயரில் வழங்கும் செய்யுள் ஒன்றையும் இந்த இடத்தில் பேச வேண்டும், ஏனென்றால் அதைப் பலர் சோதனையாகப் பயன்படுத்தப் பார்க்கிறார்கள். நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிட்டு, மீதியோடு குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்பது அதன் பொருள். வர்க்கமும் இல்லை, வர்க்கமூலமும் இல்லை. 3, 4-க்குப் போட்டால் 3.5 + 1.5 = 5. 5, 12-க்குப் போட்டால் 10.5 + 2.5 = 13. இரண்டும் துல்லியம்! ஆனால் 8, 15-க்கு 13.125 + 4 = 17.125 வருகிறது, வரவேண்டியது 17. 7, 24-க்கு 24.5, வரவேண்டியது 25. இந்த வாய்பாட்டைக் க² + ச²-உடன் சமப்படுத்தி இருபடிச் சமன்பாடாகத் தீர்த்துப் பார்த்தால், பக்கங்கள் 4:3 அல்லது 12:5 என்ற விகிதத்தில் இருந்தால் மட்டுமே அது துல்லியம் என்று தெரியவரும். அந்த இரண்டு விகிதங்களுக்கும் இடையே சற்றுக் கூடுதலாகவும், வெளியே குறைவாகவும் காட்டும். பக்கங்கள் 1, 10 என்றால் கர்ணம் 9.25 என்கிறது, அதாவது ஒரு பக்கத்தைவிடவே சிறியது. மனக்கணக்கில் தோராயமாக ஒரு நீளம் வேண்டுமென்றால் அருமையான உத்தி. மூலங்களைக் கணக்கிடக் கருவி இல்லாதபோது அதன் மதிப்பு பெரிது. செங்கோணமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அதைக் கொண்டுவரக் கூடாது, அவ்வளவுதான்.

முழு எண்கள் மட்டுமே வரும் கணக்குகளில், பெருக்கிப் பார்க்காமலேயே சில முக்கோணங்களைத் தள்ளிவிடலாம். மூன்றும் ஒற்றை எண்கள் என்றால் செங்கோணம் சாத்தியமே இல்லை, ஏனென்றால் இரண்டு ஒற்றை எண்களைக் கூட்டினால் இரட்டை எண்தான் வரும். இருசமபக்கமாக இருந்தாலும் இல்லை. ஏனென்றால் அப்போது கர்ணம் சமபக்கத்தைப்போல் √2 மடங்கு இருக்க வேண்டும்; √2 விகிதமுறா எண், அதாவது இரண்டு முழு எண்களின் விகிதமாக எழுத முடியாதது. சிறிய பக்கங்கள் இரண்டில் ஒன்றாவது 3-ஆல் வகுபட வேண்டும். எந்த வர்க்கத்தையும் 3-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1 தான் வரும்; இரண்டு பக்கமும் 3-ஆல் வகுபடாவிட்டால் கூட்டுத்தொகையின் மீதி 2 ஆகிவிடும், அப்படி ஒரு வர்க்கம் கிடையாது. இதேபோல் சிறிய பக்கங்களில் ஒன்று 4-ஆல் வகுபட வேண்டும், மூன்று பக்கங்களில் ஒன்று 5-ஆல் வகுபட வேண்டும். 14, 22, 26 என்று பாருங்கள். 14-உம் 22-உம் 3-ஆல் வகுபடவில்லை. முடிந்தது. கணக்குப் போட்டால் 680-க்கு 676 என்று மிக அருகில் வந்து ஏமாற்றும் முக்கோணம் இது; கோணம் சுமார் 89.6°. ஆனால் இந்தச் சோதனைகள் தள்ளுவதற்கு மட்டுமே உதவும், ஏற்பதற்கு உதவாது. தேறியவற்றை வர்க்கப்படுத்தித்தான் பார்க்க வேண்டும்.

பிதாகரஸ் எண்களின் பட்டியலை மனப்பாடம் செய்வது பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 3-4-5, 5-12-13, 8-15-17, 7-24-25 ஆகியவை நினைவில் இருந்தால் வேகம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் இல்லாததால் செங்கோணம் இல்லை என்று முடிவுகட்டுவது ஆபத்து, ஏனென்றால் அந்தப் பட்டியலுக்கு முடிவே இல்லை. ஓர் ஒற்றை எண்ணை எடுத்து வர்க்கப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டு எண்களாகப் பிரியுங்கள்: 9² = 81 = 40 + 41. உடனே 9, 40, 41 கிடைக்கிறது. 11² = 121 = 60 + 61. 13² = 169 = 84 + 85. மேலே சொன்ன கழித்தல்-கூட்டல் வழியில் கர்ணத்துக்கும் ஒரு பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் 1 என்று வைத்தால் கிடைப்பவை இவை. 1-ஐத் தவிர ஒவ்வோர் ஒற்றை எண்ணுக்கும் ஒன்று இப்படிக் கிடைக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் நீளங்கள் துல்லியமாகத் தரப்பட்டிருக்கும்போது. அளந்து எடுத்த நீளங்களுக்கும், கணினி தோராயமாக வைத்திருக்கும் எண்களுக்கும் நிலைமை வேறு. கணினியின் வழக்கமான 64-பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் √2-ஐ எடுத்து வர்க்கப்படுத்தினால் 2 வராது, 2.0000000000000004 வரும். எனவே 1, 1, √2 என்ற முக்கோணத்தைக் கொடுத்து "சமமா?" என்று நிரலில் கேட்டால் இல்லை என்றே விடை வரும். அங்கே சமத்துக்குப் பதிலாக, வித்தியாசம் மிகச் சிறியதா என்றுதான் சோதிக்க வேண்டும்.

டேப் பிடித்து அளக்கும்போதும் கேள்வி "செங்கோணமா?" என்பதிலிருந்து "எவ்வளவு விலகியிருக்கிறது?" என்று மாறுகிறது. ட²-இலிருந்து க² + ச²-ஐக் கழித்து, 2கச-ஆல் வகுத்து, 57.3-ஆல் பெருக்குங்கள், சிறிய விலகல்களுக்கு அதுவே ஏறத்தாழ எத்தனை பாகை விலகல் என்று சொல்லிவிடும். 300, 400 செ.மீ. பக்கங்களுக்குக் கர்ணம் 500-க்குப் பதில் 501 என்று வந்தால் 1001-ஐ 2,40,000-ஆல் வகுக்க வேண்டும். விலகல் சுமார் 0.24°. கட்டுமானத்தில் மூலைமட்டம் பார்க்க 3-4-5 அளவைப் பயன்படுத்துகிறவர்கள் முடிந்தவரை பெரிய முக்கோணமாக எடுப்பதன் காரணமும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 30, 40, 50 செ.மீ. முக்கோணத்தில் கர்ணத்தை அளப்பதில் 1 மி.மீ. பிசகினால் கோணம் 0.24° பிசகும். 300, 400, 500 செ.மீ. முக்கோணத்தில் அதே 1 மி.மீ. பிசகு 0.024° மட்டுமே.